சாவி மகள் கையில், பாலிசி என் கம்ப்யூட்டரில்

உங்கள் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிறதா? வாசலில் ஒரு ஸ்கூட்டரும் நிற்கிறதா? அப்படியானால் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் படம் பார்க்க உட்காரும் முன் ஓர் அரை மணி நேரத்தை இதற்காக ஒதுக்குங்கள். நான் அதைச் செய்யாமல் விட்டேன். அதனால் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

2024 அக்டோபர். என் மகளுக்கு அப்போது 17 வயது. டியூஷன் சென்டர் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான். மழை தூறுகிறது, பஸ் இல்லை என்று சொல்லி ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொண்டாள். நான் பார்த்தேன், தடுக்கவில்லை. "பார்த்துப் போம்மா" என்று மட்டும் சொன்னேன். தெருமுனையில் திரும்பும்போது சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் மேல் மோதிவிட்டாள். அவருக்கு முழங்கையில் மூன்று தையல். சைக்கிளின் முன் சக்கரம் கோணிவிட்டது. இவளுக்குச் சிராய்ப்பு. ஸ்கூட்டரின் கண்ணாடி உடைந்தது, முன்பக்க பேனலில் விரிசல்.

பெரியவர் நல்ல மனிதர். போலீஸ், கேஸ் என்று எதுவும் பேசவில்லை. மருத்துவச் செலவையும் சைக்கிள் செலவையும் நான் கொடுத்தேன். அன்று இரவு வீட்டுக்கு வந்த என் மைத்துனர், "இன்சூரன்ஸ் இருக்கே, அத்தான். அக்கா ஓட்டினாங்கன்னு எழுதிக் கொடுத்தா கண்ணாடி காசாவது வந்துரும்ல?" என்றார். என் மகள் கதவோரம் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். "அப்படியெல்லாம் எழுத முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் பாலிசியில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. வருடாவருடம் பணம் கட்டுகிறேன், ஈமெயிலில் ஒரு பிடிஎஃப் வருகிறது, அவ்வளவுதான். அதை ஒரு முறைகூடத் திறந்ததில்லை.

அன்றுதான் திறந்தேன். வாங்கி இரண்டே வாரமான கம்ப்யூட்டர். செல்போனில் எறும்பு ஊர்வது போலத் தெரிந்த எழுத்துகள் பெரிய திரையில் தெளிவாகத் தெரிந்தன. நீங்களும் உங்கள் பாலிசியைத் திறந்து கொள்ளுங்கள். பிடிஎஃப் ஃபைலின் மேல் டபுள் கிளிக் செய்தாலே போதும், பிரவுசரில் திறந்து கொள்ளும். கன்ட்ரோல் கீயை அழுத்தியபடி எஃப் கீயைத் தட்டுங்கள். மேலே ஒரு சிறிய கட்டம் வரும். அதில் டிரைவர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால், அந்தச் சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் உங்களைக் கொண்டு போய் நிறுத்தும். ஏஜென்ட் ஸ்கேன் செய்து அனுப்பிய பாலிசியாக இருந்தால் இது பெரும்பாலும் வேலை செய்யாது. அது வெறும் படம். கண்ணால்தான் தேட வேண்டும்.

நான் தேடியபோது கிடைத்த வரியின் சாரம் இதுதான்: விபத்து நடக்கும் நேரத்தில் செல்லத்தக்க லைசென்ஸ் வைத்திருப்பவர் யார் வேண்டுமானாலும் இந்த வண்டியை ஓட்டலாம். எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவர் 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 3-வது விதியைப் பின்பற்றி ஓட்டினால் அதுவும் சரி. நம் நாட்டு மோட்டார் பாலிசிகளில் ஏறக்குறைய இதே வாசகம்தான் இருக்கும். என் மகளிடம் லைசென்சும் இல்லை, எல்.எல்.ஆரும் இல்லை. ஆக, கண்ணாடிக்கோ பேனலுக்கோ கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

கண்ணாடி போனால் போகட்டும். அந்தப் பெரியவருக்கு ஏதாவது பெரிதாக ஆகியிருந்தால்? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. நெட்டில் தேடியதில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு கிடைத்தது. லைசென்ஸ் இல்லாத ஒரு சிறுவன் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போய் மோதியதில் ஒருவர் இறந்துவிட்டார். இறந்தவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க வேண்டும், பிறகு அதை வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக் கொள்ளலாம் என்று முடிவானது. பையன் எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துப் போய்விட்டான் என்று உரிமையாளர் சொன்னார். வண்டி தவறாகப் பயன்படாமல் பார்த்துக் கொள்வது உம்முடைய பொறுப்பு என்று கோர்ட் சொல்லிவிட்டது. அவர் தெரியாமல் போனதாகவாவது சொல்ல முடிந்தது. நான் எதிரிலேயே அல்லவா நின்று கொண்டிருந்தேன்!

இத்தோடு முடியவில்லை. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது முடியும் வரை எல்.எல்.ஆரோ லைசென்சோ கிடையாது. என் மகளிடம் இந்தக் கடைசி வரியை மட்டும் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. சாவியைக் கொண்டு வந்து ஆணியில் மாட்டினாள்.

16 வயதிலேயே ஓட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சலுகை 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும்தான். இன்று கடையில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110, 125 சிசி. எனவே அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பாலிசியில் இரண்டு தேதிகள்

2018 செப்டம்பர் 1 முதல் புது டூவீலர் வாங்கும்போதே 5 வருடத்துக்கும், காருக்கு 3 வருடத்துக்கும் தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்பது விதி. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி வந்தது இது. நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான் தர்ட் பார்ட்டி. நம் வண்டியின் சேதத்துக்கு ஓன் டேமேஜ் என்று தனியாக உண்டு. அதைப் பலர் ஒரு வருடத்துக்கு மட்டுமே எடுக்கிறார்கள். நான் 2021 ஆகஸ்டில் ஸ்கூட்டர் வாங்கினேன். என் பாலிசியில் தர்ட் பார்ட்டி முடியும் தேதி 2026 என்றும், ஓன் டேமேஜ் முடியும் தேதி 2025 என்றும் இருந்தன. ஐந்து வருடத்துக்குக் கட்டியாகிவிட்டது என்று நினைத்து ஓன் டேமேஜை விட்டுவிடுபவர்கள் நிறைய. அது முடிந்து 90 நாட்கள் தாண்டிவிட்டால் நோ கிளைம் போனஸ் மொத்தமும் போய்விடும்.

இந்த போனஸ் விஷயத்தை ஒரு எக்ஸல் ஷீட்டில் போட்டுப் பாருங்கள், சுவையாக இருக்கும். ஒரு வருடம் கிளைம் இல்லை என்றால் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்த வருடங்களில் 25, 35, 45, 50. ஒரே ஒரு கிளைம் செய்தால் மறுபடி பூஜ்யம். ஏ காலத்தில் வருடம், பி காலத்தில் பிரீமியம், சி காலத்தில் சதவீதம். டி காலத்தில் ஈக்குவல் குறி போட்டு பியை சியால் பெருக்கச் சொல்லுங்கள். சி செல்லில் 20 என்று மட்டும் அடிக்காமல் சதவீதக் குறியையும் சேர்த்து அடியுங்கள். இல்லாவிட்டால் தள்ளுபடி லட்சக்கணக்கில் வரும், எனக்கு வந்தது! சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் கேட்பது லாபமா நஷ்டமா என்று அந்த ஷீட்டே சொல்லிவிடும். தர்ட் பார்ட்டி பிரீமியத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடையாது.

நியூஜெர்சியில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். அங்கே வீட்டில் லைசென்ஸ் எடுத்த பிள்ளையின் பெயரைப் பாலிசியில் சேர்க்க வேண்டும். சேர்த்த உடனே பிரீமியம் எகிறிவிடுமாம். நல்ல மார்க் வாங்கும் பிள்ளைக்குத் தள்ளுபடி தரும் கம்பெனிகளும் உண்டாம். 21 வயதுக்குள் இருக்கும் புது டிரைவர் ஓட்டினால் நம்பர் பிளேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்பது 2010 முதல் அந்த மாநிலத்தின் சட்டம். நம் ஊரில் பாலிசி வண்டியோடு போகிறது. 18 வயதில் பிள்ளை லைசென்ஸ் எடுத்துவிட்டால் போதும், அதற்காகக் கூடுதல் பிரீமியம் கேட்பதில்லை.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. உரிமையாளரே ஓட்டும்போது விபத்தில் இறந்தாலோ ஊனமுற்றாலோ கிடைக்கும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு, ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். வண்டி என் பெயரில், ஓட்டுவது மகள். அவளுக்கு அதில் ஒரு ரூபாயும் வராது. தர்ட் பார்ட்டியும் ஓட்டுபவருக்கு இல்லை. அதனால் அவள் பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்தேன். இந்த மொத்த விவகாரத்தில் நான் உருப்படியாகச் செய்தது இதுதான் என்று என் மனைவி சொல்கிறாள்.

ஆன்லைனில் பணம் கட்டும்போது அவசரப்படாதீர்கள். வந்த எஸ்.எம்.எஸ். லிங்க்கை கிளிக் செய்யாமல், கம்பெனியின் முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள். படிவத்தில் கூடுதல் வசதிகளுக்கு எதிரே ஏற்கெனவே டிக் விழுந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் படித்து வேண்டாததை எடுத்துவிடுங்கள். பாலிசி வந்த சில நாட்கள் கழித்து எம்பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைக் கொடுத்து, இன்சூரன்ஸ் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். போலிப் பாலிசி என்றால் அங்கே மாறாது.

2025 ஜூனில் மகளுக்கு 18 முடிந்தது. மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் சாரதி என்ற பகுதிக்குப் போய் எல்.எல்.ஆருக்கு அவளே விண்ணப்பித்தாள். போட்டோ ஃபைல் பெரிதாக இருக்கிறது என்று தளம் இரண்டு முறை திருப்பியனுப்பியது. பெயிண்டில் திறந்து ரீசைஸ் கொடுத்துச் சிறிதாக்கியதும் ஏற்றுக் கொண்டது. எல்.எல்.ஆர். கைக்கு வந்து 30 நாட்கள் கழித்துத்தான் லைசென்சுக்குப் போக முடியும். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் எல் போர்டு. கூடவே லைசென்ஸ் உள்ளவர் ஒருவர். பின்னால் தோழிகளை ஏற்றக் கூடாது. பாலிசி குறிப்பிடும் அந்த 3-வது விதி இதுதான்.

எல் போர்டை வேர்டில் அவளே தயாரித்தாள். அட்டை 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், வெள்ளையில் சிவப்பு என்று விதியில் இருக்கிறது. எங்களுடையது கறுப்பு வெள்ளை பிரிண்டர். கறுப்பாக வந்த எழுத்தின் மேல் சிவப்பு பெயின்ட் அடித்து இரண்டு அட்டைகளையும் மொட்டை மாடியில் காய வைத்தாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் ஹெல்மெட்டையும் எடுத்து வைத்துக் கொண்டு, "வாங்கப்பா, பின்னாடி உட்காருங்க" என்று வாசலில் நின்றாள்.