கயித்துல ஒட்டுன மண்ணும் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டும்

மணவாளக்குறிச்சி கடற்கரைக்கு ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்க. மணல் ஒரு பக்கம் கறுப்பா, இன்னொரு பக்கம் செங்கல் பொடியைக் கொட்டின மாதிரி சிவப்பா கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறி வந்த தென்னங்கயித்துல ஒட்டியிருந்த மண்ணைச் சோதித்துப் பார்த்தார். மோனசைட்! எங்கேயிருந்து வருதுன்னு தேடி அவர் வந்து சேர்ந்த இடம்தான் இந்த ஊர். மத்தவங்க உதறிவிட்ட மண்ணை அவர் உதறலை, அவ்வளவுதான்.

இந்தக் கதை கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு எதுக்குன்னு கேக்கிறீங்களா? உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை நினைச்சுக்கோங்க. ஐ.இ.இ.இ. டைட்டில் ஒண்ணு, ப்ராஜெக்ட் சென்டர்ல கொடுத்த கோடிங், ஸ்பைரல் பைண்டிங், வைவா, ட்ரீட். நானும் அப்படி முடிச்சவன்தான். வைவாவில் எக்ஸ்டர்னல், 'ஏம்ப்பா இந்த அல்காரிதத்தை எடுத்தே?'ன்னு கேட்டார். நான் ஃபேனைப் பார்த்தேன். மார்க் வந்துச்சு. ஆனா அந்தக் கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்லை.

இப்போ கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வாங்க. ஒரு எண் பகா எண்ணான்னு கண்டுபிடிக்கிறது ஸ்கூல் கணக்கு. ஆனா நூற்றுக்கணக்கான இலக்கம் உள்ள எண்ணுக்கு, அதிர்ஷ்டத்தை நம்பாம, நிரூபிக்காத எதையும் நம்பாம, வேகமா பதில் சொல்ல எந்த வழியும் கிடைக்காமலே இருந்தது. 1999-ல் மணீந்திர அகர்வாலும் சோமநாத் பிஸ்வாஸும் ஒரு வழி சொன்னாங்க. அதிலும் கொஞ்சம் அதிர்ஷ்டம் தேவைப்பட்டது. 2001-ல் ரஜத் பட்டாச்சார்ஜி, பிரசாந்த் பாண்டே என்ற இரண்டு பி.டெக். மாணவர்கள் அதையே ப்ராஜெக்ட்டா எடுத்தாங்க. முடியலை. ஆனா எங்கே வரைக்கும் வந்தோம்னு ஒழுங்கா எழுதி வெச்சாங்க.

அடுத்த பேட்ச்! நீரஜ் கயாள், நிதின் சக்சேனா. அந்த ரிப்போர்ட்டிலிருந்து தொடங்கினாங்க. டிகிரி முடிஞ்ச பிறகும் அகர்வாலோட உட்கார்ந்து, 2002 ஆகஸ்ட்டில் விடையை வெளியிட்டாங்க. ஒன்பதே பக்கம்! உலகமே திரும்பிப் பார்த்தது. 2006-ல் கோடெல் பரிசு.

அவங்க ஐ.ஐ.டி. பாஸ், நம்மகிட்ட என்ன இருக்குன்னு சொல்லலாம். உண்மைதான், அந்த மாதிரி கைடு எல்லோருக்கும் கிடைக்காது. ஆனா முந்தின பேட்ச் விட்ட இடத்தில் தொடங்குறதுக்கு எந்த நுழைவுத் தேர்வும் கிடையாதே! நம்ம டிபார்ட்மென்ட்ல போன வருஷ ரெக்கார்டு அலமாரியில் தூங்குது. அதே டைட்டிலை இந்த வருஷம் இன்னொரு டீம் புதுசா வாங்குது.

2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட பாடத்திட்ட வடிவத்தில், நாலு வருஷ டிகிரியின் கடைசி வருஷம் ஆராய்ச்சி செய்யலாம்னு இருக்கு. ஆனா முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வேணும். இது எனக்கு உடன்பாடில்லை. 60 வாங்கினவனுக்குக் கேள்வி தோணாதா என்ன? மூணு வருஷம் படிக்கிற பி.எஸ்சி., பி.சி.ஏ. பசங்களுக்கு அந்தக் கதவும் இல்லை.

சரி, மணவாளக்குறிச்சிக்கே திரும்புவோம். ஐ.ஆர்.இ.எல். மணல் ஆலை இருக்கிற ஊர். ஒரு பிடி மணலை மைக்ராஸ்கோப்பில் வெச்சு போன் கேமராவில் படமெடுங்க. எது இல்மனைட், எது சிர்கான், எது சில்லிமனைட்னு ஜியாலஜி படிச்ச ஒருத்தர் உட்கார்ந்து குறிச்சுக் கொடுக்கணும். முதல் பேட்சுக்கு அந்த வேலையே போதும். அடுத்த பேட்ச் அதை வெச்சு மெஷினுக்குக் கத்துக்கொடுக்கட்டும். ஈர மணலில் மட்டும் ஏன் தப்புப் பண்ணுதுன்னு மூணாவது பேட்ச் மண்டையை உடைக்கட்டும்.

மணல் வேண்டாமா? பக்கத்தில் சின்னவிளை, பெரியவிளை. வாடை, கச்சான், கொண்டல்னு காத்துக்குப் பேர் வெச்சுப் பேசுற கடல்காரங்க. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடிச்சப்போ, எச்சரிக்கை கடலுக்குள்ள இருந்தவங்க காதுக்கு நேரத்துக்குப் போய்ச் சேராததுதான் பெரிய துயரம். அவங்க பேச்சை அப்படியே புரிஞ்சுக்கிற ஒரு மென்பொருளுக்கு முதல் தேவை, அந்தப் பேச்சின் பதிவு. அனுமதி கேட்டு, கரையில் உட்கார்ந்து, ரெக்கார்ட் பண்ணி, எழுதி வைக்கணும். எந்த ப்ராஜெக்ட் சென்டரிலும் இது கிடைக்காது மக்கா!

எங்கே தொடங்கன்னு தெரியலையா? லேப் அசிஸ்டென்ட்கிட்ட அலமாரிச் சாவியைக் கேளுங்க. பழைய ரெக்கார்டு ஒண்ணை எடுத்து, 'ஃபியூச்சர் என்ஹான்ஸ்மென்ட்'னு கடைசியில் ஒரு பக்கம் இருக்கும் பாருங்க, அதைப் படிங்க. எழுதினவங்களே திரும்பிப் பார்க்காத பக்கம் அது.