இடருற்ற தொழிலுக்குத் தோள் கொடுக்கும் வங்கி

வியாபாரம் செழித்திருக்குங்கால் கடன் கொடுக்கப் பல வங்கிகள் முன்வரும். நெருக்கடி நேர்ந்தாலோ கதவுகள் ஒவ்வொன்றாய் அடைபடும். அவ்வேளையில் உதவவும் சில நாடுகள் அரசாங்க அபிவிருத்தி வங்கிகளை வைத்திருக்கின்றன.

ஜேர்மனியின் கே.எப்.டபிள்யு. வங்கி அத்தகையது. மகாயுத்தத்தின் அழிவினின்றும் நாட்டை எழுப்ப 1948ஆம் ஆண்டில் அது நிறுவப்பட்டது. மார்ஷல் திட்டப் பணம் அதற்கு ஊற்றாயிற்று. இன்று அதன் முதலில் ஐந்தில் நான்கு பங்கு மத்திய அரசாங்கத்துடையது, எஞ்சியது மாநிலங்களுடையது.

2020இல் கொரோனாத் தொற்றினால் கடைகள் மூடப்பட்டபோது இவ்வங்கி செய்ததை நாம் கவனித்தல் நன்று. தொழில் நடத்துவோர் தாம் வழமையாகக் கணக்கு வைத்துள்ள வங்கியிலேயே கடன் கேட்டனர். சிறிய, நடுத்தரத் தொழில்களின் கடன் திரும்பாவிடின், நட்டத்தில் நூற்றுக்கு 90 வரை கே.எப்.டபிள்யு. ஏற்க முன்வந்தது. மிஞ்சிய பங்குக்கும் வங்கிகள் தயங்கவே, ஏப்ரில் மாதத்தில் முழுப் பொறுப்பையும் ஏற்கும் விரைவுக்கடன் வந்தது. ஆயினும், முன்னர் இலாபம் கண்ட தொழில்களுக்கே அது கிடைத்தது. ஏற்கெனவே நலிந்திருந்தவற்றுக்கு இல்லை.

கடன் நன்கொடையன்று, வட்டியுடன் திருப்ப வேண்டியது. திரும்பாத பணமோ மக்களின் வரிப்பணம். எனினும், நல்ல தொழிலொன்று சாய்ந்தால் அதனை நம்பிய குடும்பங்களும் சாயும். எவருக்குக் கொடுப்பது, எவருக்கு மறுப்பது என்று தேர்ந்தறிவதே இத்தகைய வங்கியின் அரும்பணி என்பதை நாம் உணர்தல் வேண்டும்.