கீழே பார்க்காமல் டைப் செய்யலாம், குழந்தைகளும்!

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அதில் முதலில் கை வைப்பவர்கள் குழந்தைகள்தான். கேம் விளையாடுகிறார்கள், பெயிண்டில் படம் வரைகிறார்கள், நமக்கே தெரியாத செட்டிங்ஸ் எல்லாம் மாற்றி வைக்கிறார்கள். ஆனால் "உன் பெயரையும் பள்ளியின் பெயரையும் டைப் செய்து காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடத் தொடங்குவார்கள். தேடி முடித்து நிமிர்ந்து பார்த்தால், கேப்ஸ் லாக் ஆன் ஆகி இருந்திருக்கும்.

"இதெல்லாம் பெரிய வகுப்பு போனால் தானாக வந்துவிடும்" என்று நானும் நினைத்தேன். தானாக வருவது உண்மைதான். வருவது எது என்பதுதான் பிரச்னை.

முன்பெல்லாம் நம் ஊர்களில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்து விடுவார்கள். அதற்கு முன் அந்தப் பையனோ பெண்ணோ கீ போர்டையே தொட்டிருக்க மாட்டார்கள். முதல் நாளே பத்து விரலுக்கும் இடம் சொல்லிக் கொடுத்து விடுவதால், தவறான பழக்கம் என்று ஒன்று உருவாகவே வழி இல்லை. இன்று குழந்தை ஐந்து, ஆறு வயதில் கீ போர்டைத் தொட்டு விடுகிறது. முறையாகக் கற்றுக் கொள்ளும் வாய்ப்பு வந்தால் பதினைந்து வயதில் வரும். பலருக்கு வருவதே இல்லை. இடையில் உள்ள பத்து ஆண்டுகள் இரண்டு விரல்களிலேயே ஓடி விடுகின்றன. தமிழக அரசு 2011ல் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியபோது, பிளஸ் டூ மாணவர் ஒருவர் புது லேப்டாப்பில் ஒரு பக்கக் கட்டுரையை டைப் செய்வதைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆனது. கையால் எழுதியிருந்தால் இருபது நிமிடம்.

அமெரிக்காவில் 2010ல் வெளியான காமன் கோர் பாடத் தரங்களில், நான்காம் வகுப்பு மாணவர் ஒரே அமர்வில் ஒரு பக்கமாவது டைப் செய்யக் கற்றிருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். ஐந்தாம் வகுப்பிற்கு இரண்டு பக்கம். இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்து யோசனை என்று எண்ண வேண்டாம். 1929 முதல் 1931 வரை அங்கேயே பென் உட், ஃபிராங்க் ஃபிரீமன் என்ற இரு கல்வியாளர்கள் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் சிறிய டைப்ரைட்டர்களை வைத்துப் பெரிய சோதனை நடத்தி, 1932ல் அறிக்கை வெளியிட்டார்கள். டைப்ரைட்டர் கிடைத்த குழந்தைகள் கூடுதலாக எழுதினார்கள் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. (செலவுக்குக் கை கொடுத்தவர்கள் டைப்ரைட்டர் தயாரித்த நிறுவனங்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்!)

நான் செய்த தவறு

என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவளுக்கு டைப்பிங் சொல்லித் தர முடிவு செய்தேன். இணையத்தில் தேடி, எழுத்துகள் மேலிருந்து விழும் ஒரு கேம் இறக்கினேன். கீழே விழுவதற்குள் அந்த எழுத்தை அழுத்தி விட வேண்டும். அவளுக்கு மிகவும் பிடித்துப் போனது. ஒரே மாதத்தில் ஸ்கோர் எங்கோ போய்விட்டது. நானும் அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிக் கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அருகில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் தெரிந்தது. இரண்டு ஆள்காட்டி விரல்கள் மட்டுமே மின்னல் போல ஓடிக் கொண்டிருந்தன. தலை மேலும் கீழும் ஆடிக் கொண்டே இருந்தது. எந்த எழுத்து அழுத்தப்பட்டது என்பதை கேம் பார்க்கும். எந்த விரலால் என்பதை அது எப்படிப் பார்க்கும்? தவறான முறையை நானே ஒரு மாதம் பயிற்சி கொடுத்துப் பழக்கி விட்டிருந்தேன்.

சரி செய்யப் போனால் அழுகை. பத்து விரலையும் வைத்தால் வேகம் கால்வாசியாகக் குறைந்தது. "ரெண்டு விரல்லயே நல்லா வருதுப்பா, ஏன் இதை மாத்தச் சொல்றீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். கீ போர்டின் மேல் துண்டைப் போட்டு மூடினேன். துண்டைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டு வாரம் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை.

எங்கள் தெருவில் நெடுநாள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்திய பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். "தம்பி, நீங்க மார்க் போடற கேமை முதல்ல எடுங்க. எங்க மெஷின்ல அழிக்க முடியாது. அதனால பிள்ளைங்க மெதுவா, தாளம் தப்பாம அடிச்சாங்க. உங்க பொண்ணுக்கு அவசரப்படக் கத்துக் கொடுத்திருக்கீங்க" என்றார்.

எந்த வயதில், எவ்வளவு நேரம்?

ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குப் பத்து விரல் பயிற்சி தேவையில்லை என்பது என் கருத்து. கைகள் சிறியவை, கீ போர்டோ பெரியவர்களுக்கு ஆனது. ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடு வரை சுமார் 19 மில்லி மீட்டர். சுண்டு விரல் 'பி' எழுத்துக்கு எட்டுவதற்குள் மொத்தக் கையும் நகர்ந்து விடும். மேலும், எழுத்துகளை அடையாளம் கண்டு கொள்ளக் கையால் எழுதிப் பழகுவதே நல்லது. 2005ல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். அவர்களில் சற்றுப் பெரிய குழந்தைகள், டைப் செய்து கற்ற எழுத்துகளை விடக் கையால் எழுதிக் கற்ற எழுத்துகளையே நன்றாக அடையாளம் கண்டார்கள்.

அந்த வயதில் ஒன்றே ஒன்று போதும். கீ போர்டின் இடது பாதி இடது கைக்கு, வலது பாதி வலது கைக்கு. நடுவில் ஒரு வண்ணக் கயிறு வைத்துக் கூடக் காட்டலாம். முறையான பயிற்சியை மூன்றாம் வகுப்பில், எட்டு வயது வாக்கில் தொடங்கலாம். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், வாரத்திற்கு நான்கு நாள். ஞாயிற்றுக் கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பது வீண்.

உட்காரும் விதம் முக்கியம். பெரியவர்கள் நாற்காலியில் குழந்தை உட்கார்ந்தால் கால் தொங்கும், தோள் தூக்கிக் கொள்ளும். அடியில் தலையணை வைத்து உயர்த்துங்கள். காலுக்குக் கீழே ஒரு மனைப் பலகை போடுங்கள். முழங்கை கீ போர்டின் மட்டத்திற்கு வர வேண்டும்.

கம்ப்யூட்டரில் சில சின்ன மாற்றங்களும் செய்திட வேண்டும். குழந்தைகள் கீயை அழுத்தியபடி வைத்திருப்பதால் ஒரே எழுத்து வரிசையாக வந்து விழும். கன்ட்ரோல் பேனலில் கீ போர்டு பிரிவு சென்று ரிப்பீட் டிலே என்பதனை லாங் பக்கம் நகர்த்தி வைத்தால் இது குறையும். ஷிப்ட் கீயை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று கேட்டு விண்டோஸ் பயமுறுத்தும். அதையும் ஆஃப் செய்து விடவும். வேர்ட் வேண்டாம். அது பிழைகளைத் தானே திருத்தி விடுவதால், தான் தவறு செய்ததே குழந்தைக்குத் தெரியாது. நோட்பேட் போதும். விண்டோஸ் 11 நோட்பேடில் 2024ல் ஆட்டோ கரெக்ட் வசதி சேர்க்கப்பட்டது. செட்டிங்ஸில் அதனை நிறுத்தி, எழுத்தின் அளவை 28க்கு உயர்த்தி விடவும்.

வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை, போன்தான் இருக்கிறதா? ஓடிஜி அடாப்டர் மூலம் சாதாரண யூஎஸ்பி கீ போர்டைப் பெரும்பாலான ஆண்ட்ராய்ட் போன்களில் இணைக்கலாம். போனை ஒரு புத்தகத்தில் சாய்த்து வைத்தால் அதுவே மானிட்டர்.

வழி காட்டிய தமிழ் 99

இனி, என் மகள் கதைக்கு வருகிறேன். பெரியவர் சொன்னபடி பழைய பாடத்தைத் தொடங்கினோம். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. எஃப், ஜே கீகளின் மேல் உள்ள சிறு மேட்டைத் தடவிப் பார்த்து ஆள்காட்டி விரல்களை வைக்கச் சொன்னேன். பேக்ஸ்பேஸ் தொடக்கூடாது, தவறு வந்தால் வரட்டும். ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் கண் மட்டும் கீழேயேதான் இருந்தது. எழுத்துதான் கீயின் மேல் அச்சாகி இருக்கிறதே, ஏன் பார்க்க மாட்டாள்?

இந்தச் சமயத்தில் ஊரில் இருக்கும் அம்மாச்சிக்குத் தமிழில் கடிதம் டைப் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆங்கில எழுத்துகளை அடித்துத் தமிழாக மாற்றும் முறையைத்தான் முதலில் காட்டினேன். "தம்பி" என்று அடிக்க வேண்டும். "தவுக்கு டி மட்டும் போதுமா, ஹெச் போடணுமாப்பா?" என்று கேட்டாள். தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங் தேடும் வேலை மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குத் தேவையா என்று தோன்றியது. தமிழ் 99க்கு மாற்றி விட்டேன்.

தமிழ் 99 கீ போர்டு, 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசால் தர அமைப்பாக ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம். மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். நடு வரிசையில் இடமிருந்து வலமாக அ, இ, உ, ஃ, எ, க, ப, ம, த, ந, ய என்று இருக்கும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது உண்டு. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ் பிரிவில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் தமிழ் 99 கீ போர்டைத் தேர்ந்தெடுக்கவும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

கடையில் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் கிடைக்கிறது. வாங்கப் போனேன், அன்று இருப்பு இல்லை. அதனால் கீ போர்டு படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து மானிட்டருக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். இரண்டாவது வாரத்தில்தான் கவனித்தேன், மகள் கீழே பார்ப்பதை நிறுத்தி இருந்தாள்! பார்த்து என்ன பயன்? கீயின் மேல் தமிழ் எழுத்தே இல்லையே. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், விரலால் தடவி இடம் கண்டுபிடித்தாள். மாதக் கணக்கில் நான் கெஞ்சியும் வராதது, ஸ்டிக்கர் கிடைக்காததால் வந்தது. எனவே உங்களுக்கும் சொல்கிறேன், ஸ்டிக்கர் வாங்காதீர்கள்.

இன்னொரு வசதி. ஆங்கிலத்தில் நடு வரிசையை வைத்துக் கொண்டு அர்த்தமுள்ள சொற்கள் சிலவற்றைத்தான் அடிக்க முடியும். தமிழ் 99ல் முதல் வாரத்திலேயே அது, இது, பகுதி, அமுதம், பக்கம் எல்லாம் நடு வரிசையிலேயே வந்துவிடும். தம்பி என்பதற்கு த, ம, ப, இ என நான்கே தட்டு. மகரத்தின் மேல் புள்ளி தானாக விழும். பந்து என்பதற்கு ப, ந, த, உ. புள்ளி தானாக விழுவதைப் பார்த்து என் மகள் கை தட்டிச் சிரித்தாள். பிறகு அவளே சொற்களைத் தேடத் தொடங்கினாள். மேல் வரிசைக்குப் போனதும் முதலில் அடித்தது "அம்மா". ஆகாரம் இடது சுண்டு விரலுக்கு மேலே இருக்கிறது.

மூன்று மாதம் தமிழில் மட்டும் பயிற்சி செய்துவிட்டு ஆங்கிலத்திற்குத் திரும்பினோம். நிமிர்ந்து அடிக்கும் பழக்கம் கூடவே வந்தது. எழுத்துகளின் இடம் வேறு என்பதால் முதல் வாரம் குழம்பினாள். பிறகு சரியாகி விட்டது. இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கியிருந்தால் இந்தக் குழப்பம் நீண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

வேகம் எவ்வளவு வேண்டும்?

அரசுத் தட்டச்சுத் தேர்வில் ஜூனியருக்கு நிமிடத்திற்கு 30 சொற்கள், சீனியருக்கு 45. அதையெல்லாம் குழந்தையிடம் எதிர்பார்க்க வேண்டாம். கையால் எழுதும் வேகத்தை எட்டினால் போதும். பாடப் புத்தகத்திலிருந்து ஒரு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் கையால் எழுதச் சொல்லுங்கள். இடைவெளி உட்பட எழுத்துகளை எண்ணி ஐந்தால் வகுத்தால் சொற்களின் எண்ணிக்கை. பிறகு அதே பத்தியை டைப் செய்யச் சொல்லிக் கணக்கிடுங்கள். என் மகளுக்குக் கையால் 11 வந்தது. கீ போர்டில் முதலில் 6. நான்காம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு வாக்கில் 13 ஆனது. இரண்டு விரலில் கேம் ஆடிய காலத்து வேகத்தை அது இன்னும் தொடவில்லை. அதை அவளும் அவ்வப்போது எனக்கு நினைவூட்டுகிறாள்.

கேம்களையே ஒதுக்க வேண்டாம். விரல்கள் இடத்தில் உட்கார்ந்த பிறகு கொடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் டக்ஸ் டைப்பிங் நன்றாக இருக்கும். பிபிசியின் டான்ஸ் மேட் டைப்பிங் 7 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்காக 12 நிலைகளாகத் தயாரிக்கப்பட்டது. எந்த விரல் என்பதையும் அது சொல்லித் தரும். பழைய சிடிக்களிலும் தளங்களிலும் உள்ள ஃபிளாஷ் கேம்கள், 2020 இறுதியில் ஃபிளாஷ் நிறுத்தப்பட்டதால் இப்போது பிரவுசரில் இயங்குவதில்லை.

அம்மாச்சிக்கான கடிதம் ஆறு வரிகளில் முடிந்தது. எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுத்து அனுப்பினோம். அம்மாச்சி போன் செய்து, "என்னடி, உங்க அப்பனை எழுதச் சொல்லி அனுப்பிட்டியா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த விடுமுறைக்குக் கீ போர்டையும் ஓடிஜி அடாப்டரையும் ஊருக்கு எடுத்துப் போக வேண்டும் என்று மகள் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள், அம்மாச்சி முன்னால் உட்கார்ந்து அடித்துக் காட்டுவதற்காக.