தூளியும் தொங்கு படுக்கையும்

காஞ்சிபுரத்தில் பிறந்த நம்மில் தூளியில் உறங்காதவர் எவரேனும் உண்டா? அம்மாவின் பழைய நூல் புடவை ஒன்று, உத்திரத்தில் ஓர் இரும்பு வளையம், புடவையை விரித்துப் பிடிக்க ஒரு தொட்டில் கட்டை. இவ்வளவுதான் நம் முதற் படுக்கை. சில வீடுகளில் இதையே ஏணை என்பர். தறி உள்ள வீடுகளில் தறிக்கு அருகிலேயே தூளி தொங்கும். அம்மா தார் சுற்றிக்கொண்டே, தூளியில் கட்டிய கயிற்றைக் காற்பெருவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டிருப்பார். தறியின் சத்தத்தில் குழந்தை விழிக்காது. ஆட்டம் நின்றால்தான் விழிக்கும்.

இந்த ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பன்னிரண்டு பேரை மெல்ல ஆடும் கட்டிலில் பகலில் 45 நிமிடம் உறங்கச் செய்து, அவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்தனர். ஆடாத கட்டிலில் படுத்தபோது எடுத்த பதிவுகளோடு அவற்றை ஒப்பிட்டனர். ஆடும் கட்டிலில் அவர்கள் விரைவாகவும் ஆழமாகவும் உறங்கினர் என்பதை 2011இல் வெளியிட்டனர். நம் பாட்டிமார் எந்தக் கருவியும் இன்றி அறிந்திருந்த செய்திதான். ஆயினும் கருவியும் அதையே சொல்வதில் நமக்கு மகிழ்ச்சியே.

நாம் வளர்ந்ததும் தூளியை விட்டுப் பாய்க்கு இறங்கிவிடுகிறோம். உலகின் வேறு பகுதிகளில் பெரியவர்களும் வாழ்நாள் முழுவதும் தூளியிலேயே உறங்குகின்றனர். 1492இல் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது, அங்கு வாழ்ந்த தாய்னோ மக்கள் பருத்தி நூலால் பின்னிய வலைகளை இரு கம்பங்களுக்கிடையே கட்டி அவற்றில் படுத்திருக்கக் கண்டார். அவர்கள் அதனை 'அமாக்கா' என்று அழைத்தனர். ஆங்கிலத்தில் 'ஹேமக்' என வழங்குவது அச்சொல்லே. நிலத்தில் ஊரும் பூச்சிகளுக்கும் ஈரத்துக்கும் எட்டாத படுக்கை அது. மாலுமிகளுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் தொங்கு படுக்கை நேராகவே இருக்கும். உறங்குபவர் உருண்டு விழமாட்டார். 1597இல் ஆங்கிலேயக் கடற்படை இதனை முறையாக ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுக் காடுகளில் போரிட்ட அமெரிக்க வீரர்களுக்குக் கொசுவலையும் கூரையும் சேர்த்துத் தைத்த தொங்கு படுக்கைகள் தரப்பட்டன. இன்று மலையேறுபவர்கள் முதுகுப்பையில் சுருட்டி எடுத்துச் செல்லும் கூடாரப் படுக்கைக்கு முன்னோடி அதுவே எனலாம்.

நம் பக்கத்திலும் பெரியவர்களின் தூளி இல்லாமல் இல்லை. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் லாரிகளின் அடியில் குனிந்து பாருங்கள். கிளீனர் அண்ணன் ஒரு பழைய போர்வையை இரு முனையிலும் கட்டித் தொங்கவிட்டு, நண்பகல் வெயில் தெரியாமல் உறங்கிக்கொண்டிருப்பார்.

சாரணியர் படையினராகிய நாங்கள் இக்கட்டுரையை எழுத முனைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முகாமுக்குச் செல்லும்போது தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுப்பதே நம் வழக்கம். அப்படிப் படுப்பவர்களைத் தேடி வரும் பகைவன் ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் கட்டு விரியன்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. சராசரியாக ஆண்டொன்றுக்கு 58,000 பேர். பெரும்பாலான உயிரிழப்புகளுக்குக் காரணமாகச் சொல்லப்படுபவை நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டு விரியன் ஆகிய நான்கு. முதல் மூன்றையும் பெரும்பாலும் நாம் மிதித்தோ தொட்டோ கடிபடுகிறோம். கட்டு விரியன் அப்படியன்று. பகலில் சோம்பிக் கிடக்கும். இரவில் எலியையும் பிற பாம்புகளையும் தேடி ஊர்ந்து வரும். தரையில் உறங்குபவர் புரண்டு படுக்கும்போது அதன்மேல் கை பட்டால் கடித்துவிடும். அதன் பல் சிறியது. கடிபட்ட இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. எறும்பு கடித்ததென்று எண்ணி மீண்டும் உறங்கிவிடுவோரும் உண்டு. விடியற்காலையில் வயிறு வலிக்கும், கண் இமைகள் தாமே மூடும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் திணறும். முகாமில் ஒரு தோழி காலையில் இவ்வாறு சொன்னால், "இரவு சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டிராமல் உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். கடிவாயைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கூடவே கூடாது. நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு அசையாமல் படுக்கவைத்துக் கொண்டுசெல்வதே வழி.

அந்த நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சைத் தருபவர்கள் நம் அண்டை வீட்டார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1978இல் தோன்றிய இச்சங்கத்தினர், மேற்சொன்ன நான்கு பாம்புகளையும் பிடித்து, நஞ்சைக் கறந்து, பின் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தரையிலிருந்து உயர்ந்து படுப்பதும், கொசுவலையின் ஓரங்களைப் படுக்கைக்கு அடியில் செருகிக்கொள்வதும் கட்டு விரியனுக்கு எதிரான நல்ல காப்புகள். வலைக்குள் உறங்கியோர் பாம்புக்கடிக்கு ஆளாவது குறைவு என்று தென்கிழக்கு நேபாளத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2007இல் வெளிவந்தது. முகாமுக்குக் கட்டிலைத் தூக்கிச் செல்ல இயலாது. தொங்கு படுக்கையைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இனி, அதனைக் கட்டும் முறைக்கு வருவோம். துணியை முதலில் பார்ப்போம். பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் ஆயிற்றே, பழைய பட்டுப் புடவையில் கட்டலாமா என்று ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கேட்டாள். வேண்டாம் அம்மா! பட்டு வழுக்கும், முடிச்சு நழுவும், ஜரிகை முதுகை அறுக்கும். பாட்டியிடம் அடியும் விழும். கெட்டியான பருத்தித் துணியே நல்லது. கடைகளில் பாராசூட் நைலான் என்று விற்பதும் நன்று. எடை குறைவு, விரைவில் உலரும். புடவையின் நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை என்பது நம்மூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீளவாட்டில் கட்டினால் பளு முழுவதையும் பாவு இழைகள் தாங்கும். தறியில் இறுக்கி இழுக்கப்பட்டும் அறாமல் நின்ற இழைகள் அவை. ஆனால் இற்றுப்போன புடவை எப்படிக் கட்டினாலும் கிழியும். இரு கைகளாலும் பலங்கொண்டு இழுத்துப் பார்த்துவிட்டே கட்ட வேண்டும்.

அடுத்தது மரம். வேம்பு, புளி, மா ஆகியவற்றின் பருத்த அடிமரங்கள் ஏற்றவை. முருங்கையில் கட்டுபவர்களுக்கு நாங்கள் ஒன்றும் சொல்வதற்கில்லை. தென்னை உறுதியானதுதான், மேலிருந்து மட்டையும் காயும் விழும் என்பதால் அதனை விலக்க வேண்டும். பட்ட மரமும், தலைக்கு மேல் காய்ந்த கிளை உள்ள மரமும் ஆகா. இடி மின்னல் வரும் மாலைகளில் மரத்தடியையே விட்டுக் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். பாலாற்று மணல் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஆற்றுப் படுகையில் முகாமிடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த பாலாற்றில் 2021 நவம்பரில் எப்படி வெள்ளம் புரண்டது என்பதை நம் வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள்.

இரு மரங்களுக்கும் இடையே நான்கு அல்லது ஐந்து மீட்டர் இருக்கட்டும். மெல்லிய கயிறு பட்டையை அறுத்து மரத்தைப் புண்ணாக்கும். ஆகவே மரத்தைச் சுற்ற அகலமான நாடாவையோ, மடித்த சாக்கின் மேல் கயிற்றையோ பயன்படுத்த வேண்டும். (நாடா என்றதும் தறியில் ஓடும் நாடாவைக் கொண்டுவந்துவிடாதீர்கள்!) மரத்தில் இருமுறை சுற்றி இரண்டு அரை முடிச்சுப் போட்டால் நழுவாது; அவிழ்க்கவும் எளிது. நாம் பாடமாகப் படித்த போலைன் முடிச்சு, துணியின் முனையில் வளையம் போட உதவும்.

எல்லாரும் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. படுக்கை தொய்யாமல் தட்டையாக இருக்க வேண்டும் என்று கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் கயிறு அறுவது அதனால்தான். நம் இயற்பியல் ஆய்வகத்தில் இதனைச் செய்து பார்த்தோம். ஒரு கயிற்றின் நடுவில் இரண்டு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டு, ஒரு முனையில் சுருள்வில் தராசை மாட்டினோம். கயிறு கிடைக்கோட்டிலிருந்து 30 பாகை சரிந்திருந்தபோது தராசு இரண்டு கிலோ காட்டியது. கயிற்றை இழுத்துச் சரிவை 10 பாகைக்குக் குறைத்ததும் முள் ஆறு கிலோவை நெருங்கியது! கல் அதே கல்தான்.

பத்தாம் வகுப்புத் தோழியருக்கு இது புதிதன்று. இரு பக்கக் கயிறுகளும் சேர்ந்து மேல்நோக்கி இழுப்பது பளுவுக்குச் சமமாக இருக்க வேண்டும். ஆகவே ஒரு கயிற்றின் இழுவிசை என்பது, பளுவைச் சரிவுக் கோணத்தின் சைனைப் போல் இருமடங்கால் வகுத்தால் வருவது. சைன் 30 அரை ஆதலால், 50 கிலோ எடையுள்ள பெண் படுத்தால் ஒவ்வொரு கயிறும் 50 கிலோ தாங்கும். சரிவு 10 பாகையானால் அதே கயிறு 144 கிலோவும், 5 பாகையானால் 287 கிலோவும் தாங்க வேண்டும். முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்பவர்கள் இந்தக் கயிற்றில் படுத்துப் பார்க்கலாம்.

முகாமில் பாகைமானி எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம். கயிற்றின் வழியே இரண்டு முழம் அளந்தால், அது ஒரு முழம் கீழே இறங்கியிருக்க வேண்டும்; அதுவே 30 பாகை. ஒருவர் உட்கார்ந்தபின் துணி தரையிலிருந்து நாற்காலி உயரத்தில் இருந்தால் போதும். அதற்குமேல் உயரம் எதற்கு? விழுந்தாலும் முழங்கை சிராய்ப்போடு போய்விடும். கட்டி முடித்ததும் முதலில் கைகளால் அழுத்தி, பிறகு மெல்ல உட்கார்ந்து, அதன் பின்னரே காலைத் தூக்க வேண்டும். குதித்து ஏறுவது கூடாது.

தொய்வாகக் கட்டினால் உடல் வாழைப்பழம் போல் வளைந்து முதுகு வலிக்காதா என்று கேட்பீர்கள். நேராகப் படுத்தால் வலிக்கும். சற்றுக் குறுக்காக, தலை ஓர் ஓரத்தை நோக்கியும் கால் எதிர் ஓரத்தை நோக்கியும் இருக்குமாறு படுத்தால் துணி விரிந்து முதுகு சமமாகிவிடும்.

மழைக்கு மேலே ஒரு கயிறு கட்டி அதன்மீது தார்ப்பாயை இருபுறமும் சரிவாகப் போட்டு, நான்கு மூலைகளையும் முளைகளில் இழுத்துக் கட்ட வேண்டும். அப்படியும் மழைநீர் மரத்திலிருந்து கயிற்றின் வழியே வழிந்து வந்து படுக்கையை நனைத்துவிடும். துணி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் கயிற்றில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் அந்த நூல் வழியே சொட்டிப் போய்விடும். இவ்வளவு சிறிய நூல் இவ்வளவு பெரிய வேலை செய்வது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஏலகிரி, ஏற்காடு போன்ற இடங்களில் மார்கழிக் குளிர் மேலிருந்தன்று, அடியிலிருந்து வரும். எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகு சில்லிடும். படுக்கைக்குள் முதுகின் கீழ் கனத்த பவானி ஜமுக்காளத்தை விரித்துக்கொள்ள வேண்டும். அது கொசுக்கடிக்கும் தடை. கொசு மெல்லிய துணியின் அடிப்புறமிருந்தும் கடிக்கும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். வீட்டில் தம்பி தங்கையர் தூளியை ஊஞ்சலாக்கிச் சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடுகின்றனர். அந்தப் புடவை கழுத்தில் இறுகிக் குழந்தைகள் இறந்த செய்தியை நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். குழந்தை தூளியில் இல்லாத நேரத்தில் புடவையை அவிழ்த்து வைத்துவிடுங்கள். அல்லது சுருட்டி உத்திரத்துக்கு மேலே எறிந்துவிடுங்கள். கைக்குழந்தையைச் சமமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு என்று இன்றைய மருத்துவர்கள் கூறுகின்றனர். பாட்டிமார் இதனை ஒப்பமாட்டார்கள். குறைந்தது, தூளியில் இடும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் அருகிலேயே இருக்கட்டும்.

கடைசியாக எறும்பு. பாம்புக்கு எட்டாத படுக்கைக்குக் கயிறு வழியாக எறும்பு வந்துவிடும். இரு பக்கக் கயிற்றிலும் மண்ணெண்ணெயில் நனைத்த துணித்துண்டைச் சுற்றினால் அது திரும்பிவிடும். தீப்பெட்டியும் விளக்கும் அதன் அருகே வரக் கூடாது. மாமரமாக இருந்தால், இலைகளை ஒட்டித் தைத்த முசுறுக் கூடு மேலே இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிறகு கயிற்றைக் கையில் எடுங்கள்.