200 அடி வேலி

அமெரிக்காவில் சிறுமிகள் ஆடும் ஃபாஸ்ட்பிட்ச் சாப்ட்பாலில், பந்தை அடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் அவுட்ஃபீல்ட் வேலிக்கும் இடையே பெரும்பாலும் 200 அடி இருக்கும். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 61. அடித்த பந்து தரையைத் தொடாமல் அந்த வேலியைத் தாண்டிவிட்டால் ஹோம் ரன். அடித்தவளும், பேஸ்களில் ஏற்கெனவே நிற்பவர்களும் அவசரமில்லாமல் ஓடி வந்து ரன் சேர்க்கலாம். நமக்குப் பழகிய கணக்கில் பார்த்தால், பெண்கள் கிரிக்கெட்டில் எல்லைக்கோடு பிட்ச்சின் நடுவிலிருந்து 60 முதல் 70 கெஜத்துக்குள், அதாவது 55 முதல் 64 மீட்டருக்குள் அமைய வேண்டும். சர்வதேச வீராங்கனைகள் சிக்ஸருக்குத் தாண்டும் தூரமும் பத்து வயதுச் சிறுமியின் எதிரே நிற்கும் வேலியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்த ஆட்டத்தில் மற்ற அளவுகள் பல, ஆடுபவரின் வயதோடு வளர்கின்றன. பத்து வயதுக்குட்பட்டோருக்கு 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்து; பிட்சர் 35 அடி தூரத்திலிருந்து வீசுவாள். பன்னிரண்டு வயதுப் பிரிவில் பந்து 12 அங்குலம், தூரம் 40 அடி. பதினான்கு வயதுப் பிரிவுக்கு வந்ததும் தூரம் 43 அடியாகிறது. கல்லூரிப் பெண்களும் அதே 43 அடியிலிருந்துதான் வீசுகிறார்கள். வேலி மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. காரணம் எளிமையானது. ஊர்ப் பூங்காவில் இருக்கும் ஒரே மைதானத்தில் காலையில் பத்து வயதுப் பிள்ளைகளும் மாலையில் பதினாறு வயதுப் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். சில இடங்களில் குழாய்க் கம்பங்களில் வலை கட்டிய தற்காலிக வேலியை முன்னால் இழுத்து வைப்பதுண்டு. எல்லா இடங்களிலும் அது நடப்பதில்லை.

200 அடி எவ்வளவு கடினம் என்பதைப் பள்ளி இயற்பியலே சொல்லிவிடும். காற்றே இல்லாத வெளியில், மிகச் சாதகமான 45 பாகைக் கோணத்தில் அடித்தாலும், பந்து 200 அடி போய் விழ மட்டையிலிருந்து மணிக்கு 88 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். காற்று இருக்கும் உண்மை மைதானத்தில் இது போதவே போதாது. சாப்ட்பாலுக்குக் காற்று இன்னும் பெரிய எதிரி. பேஸ்பாலோடு ஒப்பிட்டால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 1.7 மடங்கு, எடையோ 1.3 மடங்குதான். உடம்பு பெரிது, அதற்கேற்ற கனம் இல்லை. அதனால் பறக்கும்போதே சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது.

அதே காற்றில்லாத கணக்கில் வேலியை 220 அடிக்குத் தள்ளினால், தேவைப்படும் வேகம் 88-இலிருந்து சுமார் 92 கிலோமீட்டராகிறது. காற்றையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு விடுமுறைக்காலத்தில் தோளும் இடுப்பும் வலுப்பெறும் பெண்ணுக்கு அது எட்டிவிடுகிற வித்தியாசம். அவளுடைய தோழிக்கு அந்த வளர்ச்சி அடுத்த வருடம் வரலாம். ஒரே மாதிரி அடித்த இருவரில் ஒருத்தியின் பந்து வேலிக்கு வெளியே, மற்றவளுடையது அவுட்ஃபீல்டர் கையில். இந்த வயதில் ஹோம் ரன் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திறமையை எடைபோடுவது குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம்.

தூரம் அடிப்பவருக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல. ஆடுகளம் ஹோம் பிளேட்டிலிருந்து விரியும் கால்வட்டம் என்று கொண்டால், 200 அடி வேலிக்குள் சுமார் 31,400 சதுர அடி அடங்கும்; 220 அடி என்றால் 38,000. கூடுகிற 6,600 சதுர அடி, நம் ஊர்க் கணக்கில் இரண்டே முக்கால் கிரவுண்டு. அத்தனையும் மூன்று அவுட்ஃபீல்டர்கள் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்கு நடுவே விழும் பந்து வேலிவரை உருண்டு ஓடும். அடித்தவள் மூன்றாம் பேஸுக்கே போய்ச் சேரலாம். வேலி தள்ளிப் போனால் ஹோம் ரன் குறையும், ஓட்டமும் எறிதலும் கூடும். கிட்டே வந்தால், நன்றாக வீசிய பிட்சர்கூட உயரமாய்ப் போன சாதாரண அடிக்கு ரன் கொடுக்க நேரும்.

வேலியே இல்லாத மைதானங்களில் கதை வேறு. மிகச் சிறிய பிள்ளைகளின் ஆட்டத்தில் வருகிற ஹோம் ரன்களில் பல, பந்து அவுட்ஃபீல்டரைத் தாண்டி உருண்டோட, அடித்தவள் நான்கு பேஸையும் மூச்சிரைக்கச் சுற்றி வந்ததால் கிடைப்பவை. பார்க்க அவையே அழகு.

விதிகளிலும் வேலியின் தூரத்துக்கு இடமுண்டு. தரையில் குத்தி வேலியைத் தாண்டிய பந்துக்கு இரண்டு பேஸ்தான். ஓரக்கோட்டின் முடிவில் நிற்கும் ஃபவுல் கம்பத்தில் பறந்து வந்த பந்து பட்டால் அது ஹோம் ரன். அமெரிக்க சாப்ட்பால் விதிகளின்படி, நிர்ணயித்த தூரத்தைவிடக் கிட்டே இருக்கும் வேலியைப் பறந்து தாண்டினாலும் இரண்டு பேஸுக்கு மேல் கிடையாது. மட்டைக்கும் கட்டுப்பாடு உண்டு: பந்து மணிக்கு 98 மைலுக்கு மேல் வேகத்தில் கிளம்பாதபடி அது ஆய்வகச் சோதனையில் தேற வேண்டும்.

வேலியை நகர்த்திய உதாரணம் பக்கத்து ஆட்டத்தில் இருக்கிறது. பென்சில்வேனியாவில் சிறுவர் பேஸ்பாலின் லிட்டில் லீக் உலகத் தொடர் நடக்கும் மைதானத்தில், 2006-இல் வேலி 205 அடியிலிருந்து 225 அடிக்குத் தள்ளப்பட்டது. கல்லூரிப் பெண்களின் சாப்ட்பாலிலோ ஓரங்களில் 190 முதல் 200 அடி, நடுவில் 220 அடி என்பதே பொதுவான அளவு. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் ஜோஸ்லின் ஆலோ 2022-இல் தன் கல்லூரி ஆட்டக்காலத்தை மொத்தம் 122 ஹோம் ரன்கள் என்ற சாதனையோடு முடித்ததும் இந்த அளவிலான மைதானங்களில்தான். அதற்கு முந்தைய சாதனை 95. வளர்ந்த ஒரு வீராங்கனை இத்தனை முறை தாண்டிய தூரத்தைப் பத்து வயதுச் சிறுமிக்கும் அப்படியே வைப்பது சரியல்ல. அவர்கள் ஆடும்போதாவது தற்காலிக வேலியை முன்னால் கொண்டு வரலாம்.

வேலி எங்கே நின்றாலும் அதில் மோதப்போவது அவுட்ஃபீல்டர்தான். அதனால் நல்ல மைதானங்களில் வேலிக்கு முன்னால் பத்துப் பதினைந்து அடிக்குப் புல்லை விட்டு மண் பரப்புகிறார்கள். கம்பி வேலியின் மேல்விளிம்பு கையைக் கிழிக்காமலிருக்க, பிளந்த மஞ்சள் பிளாஸ்டிக் குழாயை நெடுக மாட்டுகிறார்கள். வானத்தில் பந்தைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓடும் பெண், காலடியில் புல் முடிந்து மண் சரசரத்ததும், திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி வேலியைத் தேடுவாள்.