பசியோடு போராடிய அமைச்சர்

ஐரோப்பாவில் உள்ள ஒரு நாடு ஜெர்மனி. அங்கே என்க்ஹவுசன் என்று ஒரு சிற்றூர். அந்த ஊரில் 1894ஆம் ஆண்டு ஹைன்ரிச் லூப்கே பிறந்தார். அவருடைய அப்பா செருப்புத் தைப்பவர். கொஞ்சம் நிலமும் இருந்தது. அதிலும் பாடுபட்டார்.

லூப்கே நன்றாகப் படித்தார். நிலம் அளக்கும் முறை, மண்ணைத் திருத்தும் முறை, வேளாண்மை, பொருளாதாரம் எல்லாம் கற்றார். படித்த பிறகும் அவர் விவசாயிகளை மறக்கவில்லை. சிறு விவசாயிகளின் சங்கங்கள் தனித்தனியாக இருந்தன. அவற்றை ஒன்று சேர்க்க உழைத்தார். சட்டசபை உறுப்பினரும் ஆனார்.

சிறை

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். லூப்கேயின் பதவி பறிபோனது. சங்கப் பணத்தைத் தவறாகச் செலவு செய்தார் என்று வழக்குப் போட்டார்கள். சுமார் 20 மாதங்கள் சிறையில் இருந்தார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை. விடுதலை ஆனார்.

நாடெங்கும் பசி

1945இல் உலகப் போர் முடிந்தது. ஜெர்மனி தோற்றது. நகரங்கள் இடிந்து கிடந்தன. ரேஷனில் கொடுத்த உணவு போதவில்லை. நகரத்து மக்கள் வீட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். அவற்றைக் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கி வந்தார்கள். 1947இல் சுரங்கத் தொழிலாளர்கள் உணவு கேட்டு ஊர்வலம் போனார்கள்.

அந்த 1947ஆம் ஆண்டில்தான் லூப்கே ஒரு மாநிலத்தின் உணவு, வேளாண்மை அமைச்சர் ஆனார். 1953இல் மேற்கு ஜெர்மனி முழுவதற்கும் வேளாண்மை அமைச்சர் ஆனார்.

துண்டு துண்டாய் நிலம்

அந்த நாட்டின் பல பகுதிகளில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பாவின் நிலத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். பேரப்பிள்ளைகள் மறுபடியும் பங்கு போடுவார்கள். இதனால் ஒருவருடைய நிலம் பத்து இடங்களில் சிதறிக் கிடக்கும். ஒரு துண்டு ஊருக்குக் கிழக்கே, இன்னொன்று மேற்கே. நடப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். துண்டு நிலத்தில் டிராக்டர் திரும்ப முடியாது. சில வயல்களுக்கு வண்டிப் பாதையே இல்லை.

இதற்கு ஒரு வழி கண்டார்கள். முதலில் ஊர் நிலம் முழுவதையும் அளந்தார்கள். எது நல்ல மண், எது சுமாரான மண் என்று மதிப்புப் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் அதே மதிப்புள்ள நிலத்தை ஒன்றிரண்டு இடங்களில் சேர்த்துக் கொடுத்தார்கள். புதிய பாதையும் வாய்க்காலும் போட்டார்கள். பரப்பை மட்டும் பார்த்தால் நல்ல மண் வைத்திருந்தவர் நஷ்டப்படுவார். அதனால்தான் மண்ணின் மதிப்பையும் பார்த்தார்கள்.

இதற்கான சட்டம் 1953இல் வந்தது. லூப்கே இந்த வேலையை ஊக்கத்தோடு நடத்தினார். 1955இல் இன்னொரு சட்டம் வந்தது. விவசாயிகளின் நிலை பற்றி அரசு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்றது அந்தச் சட்டம்.

உலகத்தின் பசி

1959இல் லூப்கே குடியரசுத் தலைவர் ஆனார். அப்போது ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனத்துக்கு ஓர் இந்தியர் தலைவராக இருந்தார். அவர் பெயர் பி.ஆர். சென். வங்காளப் பஞ்சத்தின்போது நிவாரண வேலை செய்தவர் அவர். 1960இல் அவர் பசிக்கு எதிரான உலக இயக்கத்தைத் தொடங்கினார். அதை ஏற்று, 1962இல் லூப்கே ஜெர்மனியில் ஒரு அமைப்பை உருவாக்கினார். அது இன்றும் பல நாடுகளில் வேலை செய்கிறது.

மறைக்கக் கூடாத செய்தி

லூப்கே போர்க்காலத்தில் அரசின் கட்டடப் பணிகளில் பொறுப்பில் இருந்தார். அந்த இடங்களில் சிறை முகாம் கைதிகளைக் கட்டாயமாக வேலை வாங்கினார்கள். 1960களில் இந்தச் செய்தி வெளியே வந்தது. பலர் அவரைக் கண்டித்தார்கள். அவருடைய உடல்நலமும் குன்றியது. பதவிக்காலம் முடியும் முன்பே 1969இல் விலகினார். 1972இல் இறந்தார்.

அவர் உழவருக்குச் செய்த நன்மை உண்மை. அந்தக் கைதிகள் பட்ட துன்பமும் உண்மை. ஒரு தலைவரைப் பற்றிப் படிக்கும்போது இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலந்து பேசுவோம்

1. நிலம் சிதறிக் கிடந்தால் என்ன கஷ்டம்?

2. நிலத்தை மாற்றிக் கொடுக்கும்போது மண்ணின் மதிப்பை ஏன் பார்க்க வேண்டும்?