கேஷ் என்றால் எந்தக் கேஷ்?

தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவிலோ பாண்டி பஜாரிலோ பில் போடும்போது "கேஷா, கார்டா?" என்று கேட்பார்கள். அந்தக் கேஷ், பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கில அகராதியில் இன்னொரு கேஷும் உண்டு. அது நம்ம காசேதான்! போர்ச்சுகீசியர் வாயில் புரண்டு ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து மதராஸில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன்.

ஆங்கில எழுத்துகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் கேஷுக்கு 9 புள்ளிதான். ஆனால் வால் முளைக்கும் சொல் இது. பின்னால் இ, டபிள்யூ சேர்த்தால் முந்திரி. எம், இ, ஆர், இ சேர்த்தால் காஷ்மீர் கம்பளி. ஐ, இ, ஆர் சேர்த்தால் கல்லாவில் இருக்கும் கேஷியர். அந்தக் கேஷியரே வினைச்சொல்லானால், ராணுவ அதிகாரியை அவமானப்படுத்திப் பதவியிலிருந்து விரட்டுவது என்று பொருள். கல்லாக்காரருக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அது டச்சுக்காரர் வழி வந்த சொல்.

பிள்ளைகளோடு ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தால் எச் எழுத்தை வீணாக்காதீர்கள். அந்த 9 புள்ளியில் 4 அதனுடையது.